பிடரி முடி கொட்டுதுங்க, மொத்தமா வழிச்சுடலாமா?

கேள்வி (கோபி):
கத்தியவார் இனத்துப் பொட்டக்குதிரைங்க, அஞ்சு வயசு. பிடரி முடி நடுவுல ஒரு சாண் அளவுக்கு மெலிஞ்சு போச்சு, வாலும் கொட்டுது. தூணில் தேய்க்கிறது கொஞ்சந்தான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குக் கொண்டுபோகணும். வழிச்சுவிட்டா ஒரே சீரா முளைக்குமுங்களா? தீவனம் கொள்ளு, சோளத்தட்டு, ஆட்டுக்கு வெட்டுற சவுண்டல் (சூபாபுல்) தழை.

பதில் (தாராபுரம்):
சவுண்டலை இன்னைக்கே நிறுத்துங்க. அதுல மிமோசின்னு ஒரு நஞ்சு இருக்குது, முடி வேரோட வளர்ச்சியை அடக்கிடும். ஆட்டுக்கு முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர் அதை முறிச்சுடும். குதிரைக்கு அந்த இரைப்பையே இல்லைங்க. உடம்பு முடி பளபளன்னு இருக்கையில பிடரியும் வாலும் மட்டும் கொட்டினா முதல் சந்தேகம் இதுமேலதான். மெதுவா இழுத்தாலே முடி கையோட வரும். குளம்புல வளையம் விழுந்திருக்கான்னும் பாருங்க. தழைக்குப் பதிலா கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) கொழுக்கட்டைப்புல் போடுங்க, முடி தானா முளைக்கும்.

வழிக்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு அங்குலம் வளர்றதே அதிகம். வழிச்ச பிடரி பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும், மடிஞ்சு விழ ஒரு வருஷம் போல ஆகும். ஆடிக்குள்ள நடக்காது.

பதில் (பெருந்துறை):
அண்ணன் சொன்னது சரி. ஆனா குதிரை தூணில் தேய்க்கிறதையும் சாதாரணமா நினைச்சுடாதீங்க. முடி பாதியில ஒடிஞ்சு, தோல் தடிச்சு, பொருக்கு இருந்தா அது கொசுறுப்பூச்சி (கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சி) கடி. வயலோரத்துல விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும்தான் அதிகம். அந்த நேரம் லாயத்துக்குள்ள கட்டி மின்விசிறி போடுங்க; அந்தப் பூச்சிக்குக் காத்துல பறக்கத் தெம்பு கிடையாது. ஈரச்சாணியை அள்ளிடுங்க.

ஒண்ணு முக்கியம்: மாட்டுக்கு உண்ணி போக அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரைமேல ஊத்தவே கூடாதுங்க. குடல் ஓட்டம் நின்னு, சாணி அடைச்சு, வயித்துவலியில செத்தும் போகலாம். மருந்து கால்நடை டாக்டர் சொல்றதுதான்.

கேள்வி (கோபி):
சவுண்டலை நிறுத்திட்டேனுங்க. சந்தைக்கு எப்படிச் சீவுறது?

பதில் (தாராபுரம்):
காய்ஞ்ச முடியில சீப்பு போடாதீங்க. உள்ளங்கையில நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, முதல்ல விரலாலயே சிக்கெடுங்க. அப்புறம் அகலப் பல் சீப்பால நுனியிலிருந்து மேல ஏறுங்க. வேரிலிருந்து இழுத்தா இருக்கிற முடியும் போயிரும். எண்ணெய் மிஞ்சினா புழுதி ஒட்டி அரிப்பு வரும். ஷாம்பு போட்டா நுரை துளியும் நிக்காம அலசுங்க. தலைக்கயிறு உட்கார, காதுக்குப் பின்னால ரெண்டு விரற்கடை மட்டும் கத்தரிங்க. மெலிஞ்ச இடத்துல ஜடை வேண்டாம், பாரம் தாங்காது. குஞ்சம் கட்டுறதா இருந்தா தலைக்கயித்துல கட்டுங்க.