கிளர்ச்சியை ஒடுக்கும் உத்தி: போரில் சரி என்றால் சொந்த மக்களிடமும் சரியா?

வடமலை:
பிரிட்டிஷார் ஆண்ட மலாயாவிலிருந்து (இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி) தொடங்குகிறேன். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை முறியடித்தார்கள். காட்டில் குண்டு போட்டு மட்டும் அதைச் சாதிக்கவில்லை. 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரம் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தி, கெரில்லாக்களுக்குப் போன அரிசியையும் தகவலையும் நிறுத்தினார்கள். கூடவே பலருக்குக் குடியுரிமையும் நாட்டுக்கு விடுதலை என்ற உறுதியும் கொடுத்தார்கள். 1957-இல் விடுதலை வந்ததும், எதிர்த்துப் போராட வெள்ளையர் ஆட்சியே இல்லை. ராணுவம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உயிர்ச்சேதம் குறைய இதுதான் வழி என்று நம்புகிறேன்.

நெய்தல்:
வடமலை ஐயா, அந்தப் புதுக்கிராமத்துக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்றும் பார்ப்போம். சுற்றிலும் முள்வேலி, வாசலில் சோதனை. விடிந்ததும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகக் கூடாது. கடையில் தகர டப்பாவில் அடைத்த உணவு வாங்கினால், அதில் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். உடனே சாப்பிட்டாக வேண்டும், காட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் அரிசியாகவே தராமல், பொதுச் சமையலறையில் வடித்த சோறாகத் தந்தார்கள். அரிசியைப் பதுக்கி வைக்கலாம், சோறு மறுநாள் ஊசிப்போகும். ஒரு தாய் பிள்ளைக்கு எப்போது உலை வைக்கலாம் என்பதைக்கூட ராணுவத் திட்டம்தான் முடிவு செய்தது.

1952-இல் தஞ்சோங் மாலிம் அருகே கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கியதில் 12 பேர் இறந்தார்கள். அதற்காக மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் தினம் 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். மக்களின் மனங்களை வெல்ல வேண்டும் என்று சொன்னவரும் இதே டெம்ப்ளர்தான். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் தமிழர்கள் மறக்கவே கூடாது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவசரகால விதிகளில் அதற்கே மரண தண்டனை.

வடமலை:
தஞ்சோங் மாலிமில் நடந்தது கூட்டுத் தண்டனை. அது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயுதம் ஏந்திய ஒரு குழு ஊருக்குள் புகுந்து, தகவல் சொன்னவரைக் கொன்றுவிட்டுப் போகிறது. அப்போது அரசு என்ன செய்ய வேண்டும்? அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அந்த வேலி கெரில்லாக்களிடமிருந்து மக்களையும் காத்தது.

கதிரொளி:
அதே முறையை மிசோ கிளர்ச்சியை ஒடுக்க மிசோரத்தில் இந்திய அரசும் செய்து பார்த்தது. 1966 மார்ச்சில் ஐஸ்வால் மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. அடுத்த ஆண்டிலிருந்து மலைக் கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோரத் தொகுப்பூர்களில் அடைத்தார்கள். காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடும் ஜூம் சாகுபடி செய்கிறவரைக் காட்டிலிருந்து பிரித்தால் எதைத் தின்பார்? அமைதி வந்தது 1986-இல், கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகு. மலாயாவிலும் குடியுரிமையும் விடுதலையும்தான் ஆளை இழுத்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வெற்றிக் கணக்கை ஏன் முள்வேலிக்கு எழுதுகிறீர்கள்?

வடமலை:
நியாயமான கேள்விதான். ஆனால் களத்தில் ராணுவ அழுத்தம் இல்லாமல் லால்டெங்கா மேசைக்கு வந்திருப்பாரா? இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

நெய்தல்:
அப்புறம் வட அயர்லாந்துக்கு வாருங்கள். அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் ஆயுதக் குழுக்களோடு மோதல் நடந்தது. மலாயாவிலும் கென்யாவிலும் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பிராங்க் கிட்சன் 1970-இல் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு படைப்பிரிவின் தளபதியானார். 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறை வைக்கும் முறை அங்கே வந்தது. முதல் சுற்றில் 342 பேரைப் பிடித்தார்கள். சிலரின் தலையில் முக்காடு போட்டு, மணிக்கணக்கில் சுவரோரம் நிற்க வைத்து, தூங்க விடாமல், காது கிழியும் இரைச்சலில் வைத்திருந்தார்கள். அடுத்த ஜனவரியில் டெரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது ராணுவம் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். வன்முறை அடங்கவில்லை. அந்த மோதலில் மிக அதிகமானோர் இறந்தது 1972-இல்தான். சொந்தக் குடிமகனைக் கைப்பற்ற வேண்டிய நிலப்பரப்பாகப் பார்த்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கதிரொளி:
எனக்குச் சட்டங்களைப் பற்றித்தான் பெரிய கவலை. மலாயாவில் 1960-இல் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் விசாரணையின்றி அடைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்து 2012 வரை இருந்தது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகம் என்று வந்து, 1982-இல் நிரந்தரமானது. போர் 2009-இல் முடிந்த பிறகும் அதில் ஆட்களைப் பிடித்தார்கள். இந்தியாவில் 1958-இன் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி, மத்திய அரசு அனுமதிக்காமல் ஒரு சிப்பாய் மீது வழக்குத் தொடர முடியாது.

வடமலை:
சரி, சட்டத்துக்குக் காலக்கெடு வையுங்கள். நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப வாக்களித்தால்தான் நீடிக்கும் என்று எழுதுங்கள்.

கதிரொளி:
பிரிட்டன் அதையும் செய்தது. ஐரிஷ் ஆயுதக் குழு நடத்திய பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்குப் பின் 1974-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. புதுப்பித்தும் திருத்தியும் கால் நூற்றாண்டு ஓட்டினார்கள். பிறகு 2000-இல் நிரந்தரச் சட்டமே வந்துவிட்டது. காலக்கெடு மட்டும் போதாது. சுட்ட சிப்பாயை விசாரிக்கச் சாதாரண நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும், அரசின் முன் அனுமதி இல்லாமல்.

வடமலை:
முன் அனுமதி விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். அது போக வேண்டியதுதான். சரியாக நடந்துகொண்ட சிப்பாய்க்கு நீதிமன்றத்தைக் கண்டு பயம் எதற்கு? ஆனால் மலாயாவில் அந்த வேலி இல்லாமலே போர் முடிந்திருக்கும் என்று இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

நெய்தல்:
அந்த வேலிக்குள் வளர்ந்தவர்களின் வாக்குமூலங்களைத் தேடிப் படியுங்கள் ஐயா. அப்புறம் தொடர்வோம்.