குளோன் செய்த பிறகு டி டிரைவ் இடம் மாறிவிட்டது. மென்பொருள்கள் கோப்பு இல்லை என்கின்றன

தக்கலை_அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் அழைப்பிதழ், நோட்டீஸ் வடிவமைத்து அச்சிடும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினி பழையது. பயாஸ் (கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) லெகசி என்ற பழைய முறையில்தான் இயங்குகிறது, விண்டோஸ் 10 போடப்பட்டிருக்கிறது. அதிலிருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் மிகவும் மெதுவாகிவிட்டதால் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி, சி டிரைவையும் அதற்கு முன்னால் உள்ள சிஸ்டம் ரிசர்வ்டு (விண்டோஸ் துவங்கத் தேவையான கோப்புகள் உள்ள) பகுதியையும் மட்டும் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்து வாங்கினேன். டி டிரைவில் பல வருடத்து வேலைகள் கிடப்பதால், பழைய டிஸ்க்கையே இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

எஸ்எஸ்டி மட்டும் இருந்தபோது விண்டோஸ் வேகமாகத் திறந்தது. பழைய டிஸ்க்கையும் இணைத்தபோது அது மை கம்ப்யூட்டரில் தெரியவில்லை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் 'ஆஃப்லைன்' என்று இருந்தது. அதில் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்ததும் எல்லாப் பகுதிகளும் தெரிந்தன. ஆனால், டி என்ற எழுத்தில் அரை ஜிபி அளவுள்ள சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியும், எஃப் என்பதில் பழைய சி-யும், ஜி என்பதில் என்னுடைய பழைய டி-யும் வந்து நிற்கின்றன. ஈ என்பது டிவிடி ரைட்டர்.

இப்போது பில்லிங் மென்பொருள் 'டேட்டா போல்டர் இல்லை' என்கிறது. அழைப்பிதழ்க் கோப்புகளைத் திறந்தால் படங்கள் இருக்க வேண்டிய இடங்களெல்லாம் வெறும் கட்டங்களாக இருக்கின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருளோ சில சமயம் திறக்கும்போதே நின்றுவிடுகிறது. சரி, பழையபடியே ஓட்டிக்கொள்வோம் என்று எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கில் துவக்கிப் பார்த்தால், நீலத்திரையில் 0xc000000e என்ற பிழை வருகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழாவை ஒட்டி நோட்டீஸ் வேலைகள் குவிகிற நேரம் இது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவதுதான் வழியா?

வடசேரி_சர்வீஸ்:

பதறவேண்டாம் அண்ணாச்சி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் டேட்டா எங்கும் போகவில்லை. முதலில் இரண்டு டிஸ்க்கிலும் எதையும் பார்மட் செய்யாமல் இருங்கள்.

நடந்தது இதுதான். லெகசி முறையில் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு டிஸ்க்கின் முதல் செக்டரிலும் (செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பிரிவு) 4 பைட் நீளத்தில் ஓர் அடையாள எண் எழுதப்பட்டிருக்கும். குளோன் மென்பொருள் அந்த எண்ணையும் சேர்த்து நகலெடுத்துவிட்டது. ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்க் ஒரே கணினியில் இருந்தால் விண்டோஸ் அவற்றில் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். நாம் 'ஆன்லைன்' கொடுத்த உடனே அந்த டிஸ்க்குக்கு ஒரு புதிய எண்ணை எழுதிவிடும். எழுதட்டுமா என்று கேட்கவும் கேட்காது, எழுதிவிட்டேன் என்று சொல்லவும் சொல்லாது.

அதற்குப் பிறகு வருகிற தொல்லைகள் எல்லாம் அந்த ஒரு எண் மாறியதிலிருந்து கிளைத்தவை. எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புப் பதிவேட்டில், டிஸ்க்கின் அடையாள எண்ணையும் அந்தப் பகுதி தொடங்கும் இடத்தையும் சேர்த்துத்தான் குறித்து வைத்திருக்கிறது. எண் மாறியதால் உங்கள் பழைய டி-யை அது முன்பின் தெரியாத புதிய பகுதியாக நினைத்து, டிஸ்க்கில் உள்ள வரிசைப்படி காலியாக இருந்த எழுத்துகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. பழைய டிஸ்க் துவங்காததற்கும் அதுவே காரணம்: அதிலுள்ள பூட் (துவக்கப்) பதிவு இன்னமும் பழைய எண்ணுள்ள டிஸ்க்கைத்தான் தேடுகிறது, அந்த எண் இப்போது எஸ்எஸ்டியில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பிழையைக் கண்டு டிஸ்க் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

சரிசெய்யும் முறை எளிது. எஸ்எஸ்டியிலிருந்து துவக்கி, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, அளவை வைத்து எது எந்தப் பகுதி என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது டி என்று இருக்கிற சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியின் எழுத்தை முதலில் நீக்கிவிடுங்கள். அதற்கு எழுத்தே தேவையில்லை. பிறகு ஜி-யை டி என்று மாற்றிவிட்டு கணினியை மறுபடி துவக்குங்கள். பில்லிங் மென்பொருளும் படங்களின் இணைப்புகளும் 'டி' என்று தொடங்கும் பாதையைத்தான் தேடுகின்றன என்பதால், எழுத்து திரும்பியவுடன் அவை தாமாகவே சரியாகிவிடும். பில்லிங் மென்பொருள் 'புதிய டேட்டா போல்டர் உருவாக்கலாமா' என்று கேட்டால் மட்டும் எக்காரணம் கொண்டும் 'சரி' கொடுக்காதீர்கள். பிறகு இரண்டு கணக்குப் போல்டர்களை வைத்துக்கொண்டு எது உண்மை என்று தேட வேண்டியிருக்கும். சி என்ற எழுத்தையும் தொடாதீர்கள்.

பயாஸில் எஸ்எஸ்டியை முதல் துவக்க டிஸ்க்காக வைத்துவிடுங்கள். அதே திரையில் சாட்டா முறை (கணினி டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்று இருந்தால், ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறை வேகமானது என்று யாராவது சொல்லக் கேட்டு அதை மாற்றிவிட வேண்டாம். முன்னேற்பாடில்லாமல் மாற்றினால் விண்டோஸ் துவங்காமலேயே போகலாம். அதை வேலையில்லாத நாளில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம்_கணக்கர்:

நான் வேறு கருத்துச் சொல்கிறேன். பழைய விண்டோஸின் குப்பையையும் சேர்த்துச் சுமப்பதைவிட, எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவிவிடுவதுதான் சுத்தமான வேலை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று, கணக்கு மென்பொருள்களில் சில தங்கள் உரிமத்தை டிஸ்க்கின் வரிசை எண்ணோடு கட்டிவைத்திருக்கும். பார்மட் செய்யும்போது ஒரு டிரைவுக்குக் கிடைக்கும் எண்ணும் தொழிற்சாலையிலேயே டிஸ்க்குக்குள் பதிக்கப்பட்ட எண்ணும் வேறு வேறு. முன்னது பெரும்பாலும் குளோனோடு கூடவே வந்துவிடும், பின்னது வராது. உங்கள் பில்லிங் மென்பொருள் பின்னதைப் பார்ப்பதாக இருந்தால், டி சரியான பிறகும் 'உரிமம் இல்லை' என்று சொல்லும். அப்படிச் சொன்னால், விற்ற டீலரிடம் பழைய உரிமத்தை விடுவித்துப் புதிதாகத் தரச் சொல்லுங்கள். விண்டோஸ் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். அது முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது, டிஸ்க் மாறியதற்காகப் பொதுவாகக் கேட்காது.

திங்கள்சந்தை_டிடிபி:

புதிதாக நிறுவுவது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் திருவிழா நோட்டீஸ் கையில் இருக்கும்போது அல்ல. எங்கள் தொழிலில் மென்பொருளைவிட, வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த எழுத்துருக்களையும் பிரிண்டர் அமைப்புகளையும் மீண்டும் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

வடிவமைப்பு மென்பொருள் திறக்கும்போதே நிற்பது என்பது டிரைவ் எழுத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய டிஸ்க் மெதுவானதால்தான் மாற்றினீர்கள் என்கிறீர்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் இருந்திருக்கலாம், குளோன் மென்பொருள் அவற்றைத் தாண்டிச் சென்றிருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டி, 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கச் சிரமப்படும் செக்டர்களின் எண்ணிக்கை) வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. அப்படியானால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் டி-யில் உள்ளவற்றை ஒரு வெளிப்புற டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாலையானால் இடியும் மின்வெட்டும் சேர்ந்தே வரும் ஊர் நம்முடையது. யூபிஎஸ் பேட்டரியை நம்பலாம் என்றால் மட்டும் மாலையில் தொடங்குங்கள், இல்லையேல் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின், நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) சி டிரைவுக்கு டிஸ்க் பிழைகளைத் தேடும் செக்டிஸ்க், அடுத்து டிஸ்ம் என்ற கட்டளையின் ரிஸ்டோர்ஹெல்த், கடைசியில் கெட்ட விண்டோஸ் கோப்புகளை மாற்றிவைக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற வரிசையில் ஓட்டுங்கள். எஸ்எஃப்சி தன் மாற்றுக் கோப்புகளை எடுக்கும் கிடங்கை டிஸ்ம்தான் சரிசெய்கிறது என்பதால் வரிசை முக்கியம். ஆனால் இவை மூன்றும் முடிந்தாலும் நீங்கள் நிறுவிய எழுத்துருக்களுக்கு எந்தப் பலனும் இல்லை. எஸ்எஃப்சி விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளை மட்டுமே பார்க்கும். கெட்டுப்போன ஓர் எழுத்துருக் கோப்பு போதும், பக்க வடிவமைப்பு மென்பொருள் தன் எழுத்துருப் பட்டியலைத் தயார்செய்யும்போதே நின்றுபோவதற்கு.

நான் செய்வது இப்படி: பிற்பாடு சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் வேறொரு போல்டருக்கு நகலெடுத்துவிட்டு, பான்ட்ஸ் போல்டரிலிருந்து நீக்கிவிட்டு, மென்பொருளைத் திறப்பேன். திறந்தால், பாதியை மட்டும் சேர்த்துப் பார்ப்பேன். நின்றால் அந்தப் பாதியிலும் பாதி. இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் கெட்டது கையில் சிக்கிவிடும். அந்த இடைவேளையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழைத் திறந்தால், 'அன்புடையீர்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும், புள்ளி வைத்த எழுத்துகளுக்குப் பின்னால் எல்லாம் அரைப்புள்ளி நிற்கும். அதைப் பார்த்து பயந்து அந்தக் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். எழுத்துரு திரும்பியதும் தமிழும் திரும்பிவிடும்.

தக்கலை_அச்சகம்:

மூவருக்கும் நன்றி. டிரைவ் எழுத்தை மாற்றியதும் பில்லிங் மென்பொருள் பழைய கணக்கோடு திறந்துவிட்டது, உரிமமும் கேட்கவில்லை. படங்களும் வந்துவிட்டன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ பழைய டிஸ்க்குக்கு மஞ்சள்தான் காட்டுகிறது. டி-யை வெளிப்புற டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துருவை நாளைக் காலை பார்க்கிறேன். பழைய சி-யை அழித்துவிட்டு அந்த இடத்தையும் டி-யோடு சேர்த்துக்கொள்ளலாமா?

வடசேரி_சர்வீஸ்:

வேண்டாம். மஞ்சள் காட்டுகிற டிஸ்க்கில் பகுதிகளை நகர்த்தவோ விரிக்கவோ கூடாது. அந்த வேலை முழு டிஸ்க்கையும் படித்து எழுத வைக்கும், அதைத்தான் அந்த டிஸ்க் இப்போது தாங்காது. மேலும், எஸ்எஸ்டியில் கெட்டிருக்கும் எழுத்துருவின் நல்ல பிரதி ஒருவேளை பழைய சி-யிலேயே, இரண்டாம் முறை படிக்கும்போது கிடைக்கலாம். வெளிப்புற டிஸ்க்குக்கு நகல் முடிந்ததும், புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி டி என்ற எழுத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டே செய்யுங்கள்.