கவசம் அணிந்த இவர் யார்? பழைய அச்சுப்படம் பற்றி உதவி தேவை

பழைய அச்சுப்படங்கள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம் கைக்கு வந்திருக்கிறது. இடுப்புவரை தெரியும் ஆண். இரும்புக் கவசம், லேஸ் காலர், கையில் தளபதிக் கோல். பெயர் இருக்கவேண்டிய அடிப்பகுதியை எந்தப் புண்ணியவானோ எப்போதோ வெட்டிவிட்டான்!

வேலைப்பாடு அபாரம். கன்னத்தில் கோடுகள் மெலிந்து புள்ளிகளாகின்றன; தோள் தகட்டில் தடித்து வளைந்து ஒன்றையொன்று வெட்டுகின்றன. நடுவே விட்ட வெற்றுக் காகிதம்தான் இரும்பின் பளபளப்பு.

ஓவியர் வான் டைக்கின் 'ஐகனோகிராபி' என்ற உருவப்பட அச்சு வரிசையோ என்று சந்தேகம். 1630களில் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்த அதில் வாலன்ஸ்டைன், டில்லி போன்ற முப்பதாண்டுப் போர்த் தளபதிகள் உண்டு. 1645இல் மறுபதிப்பிட்ட கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தகட்டின் அடியில் சேர்த்தார். என் படத்தில் அந்த இடமே இல்லையே!

முகத்தையும் கவசத்தையும் மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் எப்படித் தேடுவது? அப்புறம், வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தில் சன்னமான இணைகோடுகள் தெரிகின்றன, நீர்க்குறி (காகிதம் செய்தவரின் அடையாளம்) இல்லை. 17ஆம் நூற்றாண்டு என்று சொல்ல அது போதுமா, அல்லது பழைய தகட்டிலிருந்து பின்னாளில் எடுத்த பிரதியா? முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்துப் போட்டிருக்கிறேன்.