'நான் யார்' என்று கேட்டால் நெற்றிதான் வலிக்கிறது, பிராணாயாமமே போதுமா?

கேள்வி (விடியல்காலை):
இரண்டு வருடமாகக் காலையில் 20 நிமிடம் நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடும் பிராணாயாமம்) செய்கிறேன். முடித்ததும் மனம் குளம் மாதிரி இருக்கும், ஆனால் அலுவலகம் போய் முதல் போன் வந்ததுமே பழைய குருடி கதவைத் திறடி. ரமண மகரிஷியைப் படித்துவிட்டு, 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று உள்ளே தேடும் விசாரத்துக்கு உட்கார்ந்தேன். நான் யார், நான் யார் என்று உள்ளே சொல்லிச் சொல்லி நெற்றி வலித்ததுதான் மிச்சம். எதை விடுவது?

பதில் (கிரிவலப்பாதை):
அதைச் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாதுங்க, அது ஜபம் இல்லை. நேற்று நான் உட்கார்ந்திருந்தபோது குக்கர் விசில் அடித்தது. மூன்றா நாலா என்று மனம் எண்ணப் போனது. யாருக்கு இந்த நினைப்பு? எனக்கு. சரி, அந்த 'எனக்கு' எங்கிருந்து கிளம்புகிறது என்று உள்ளே திரும்பியதும் ஒரு கணம் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, விசில் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நொடியே வேறு நினைப்பு, மறுபடியும் அதே வேலை. கேள்வியும் கடைசியில் நிற்காது, பிணஞ்சுடு தடி மாதிரி தானும் எரிந்துபோகும் என்றுதான் ரமணர் சொல்கிறார். நீங்கள் வார்த்தையில் பதில் வரும் என்று காத்திருக்கிறீர்கள், வலி அதனால்தான்.

பதில் (உந்தீபற):
நாடி சுத்தியை விடாதீர்கள். அடியார் முருகனார் கேட்டு ரமணர் எழுதிய உபதேச உந்தியாரின் 30 பாடல்களைப் பாருங்கள், பலன் கருதாத கர்மம், பக்தி, யோகம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் விசாரத்துக்கு வருகிறது. மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவை போல மனமும் ஒடுங்கும் என்கிறார். ஆனால் ஒடுக்கம் இரண்டு வகை, லயம் (தற்காலிகமாக அடங்குவது), நாசம் (அடியோடு அழிவது). லயித்தது திரும்ப எழும். போன் வந்ததும் உங்களுக்கு நடப்பது அதுதான். ஆகவே மூச்சு அடங்கிய அந்தக் குளத்து அமைதியில் எழுந்து போகாமல் அப்போதே உள்ளே பாருங்கள்.

பதில் (மலையடிவாரம்):
எனக்கு விசாரம் பிடிபடவே இல்லை, அழத்தான் வருகிறது. ரமணரின் அட்சரமணமாலை 108 கண்ணியும் பாடுகிறேன். விசாரம் சொன்னவரே பிச்சைக்குப் போகும் அடியார்கள் பாடுவதற்காக அருணாசலத்தை அப்படி உருகிப் பாடியும் கொடுத்திருக்கிறார், சரணாகதியும் விசாரம் சேரும் இடத்துக்கேதான் கொண்டுபோய் விடும் என்றும் சொல்லியிருக்கிறார், எனக்கு அது போதும்.

விடியல்காலை:
நன்றி. நான் முடித்த கையோடு பாயைச் சுருட்டிவிடுவேன், தப்பு அங்கேதான். நாளை சுருட்டாமல் பார்க்கிறேன். அந்த நேரத்தில் தூக்கம் சொக்கினால்?

கிரிவலப்பாதை:
தூக்கமும் லயம்தான். எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.