மாணவர் விசாவில் பார்ட் டைம் வேலை: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

லெஸ்டர்வாசி:
பிரிட்டனுக்கு எம்.எஸ்சி. படிக்க வந்த புதிது. சிவி கொடுத்த கடைகளில் ஒரு சிக்கன் கடையில் மட்டும் "ட்ரையலுக்கு வா" என்றார்கள். வெள்ளிக்கிழமை இரவு, கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆர்டர் எடுத்தேன், ஃப்ரையர் கழுவினேன், ஷட்டர் இறக்கும் வரை நின்றேன். கடைசியில் முதலாளி மிச்சமிருந்த விங்ஸை ஒரு பெட்டியில் போட்டு நீட்டினார். சம்பளம் என்று வாயெடுத்ததும், "ட்ரையலுக்கு யாரு தம்பி காசு குடுப்பாங்க?" என்றார். நம்ம ஊர்க்காரர். அதுதான் அதிகம் வலித்தது. அடுத்த வெள்ளி அந்தப் பக்கம் போனபோது அதே ஏப்ரனில் வேறொரு பையன் நின்றுகொண்டிருந்தான்.

வெம்ப்ளி ரைடர்:
கடை வேலையே வேண்டாம் ப்ரோ. டெலிவரி அக்கவுண்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள், தலைக்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள். டிசம்பர் மழையில் தொப்பலாக நனைந்து ஒரு வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த பெண்மணி சாப்பாட்டை வாங்காமல் உள்ளே ஓடிப்போய்த் துண்டை எடுத்து வந்தார். நான் தலை துவட்டிய பிறகுதான் பையை வாங்கினார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கவன்ட்ரி மாணவி:
ரைடர் சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். இந்த விசாவில் சுயதொழிலே கூடாது. டெலிவரி ஆப்களில் ஓட்டுபவர் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வருவார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாலும் விதிமீறல். அதிலும் இன்னொருவர் அக்கவுண்ட்! எங்கள் வகுப்புப் பையனை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி அதிகாரிகள் போனைக் கேட்டார்கள். ஆப்பில் இருந்த படம் வேறொருவருடையது. ஆர்டர் எங்கே என்று கஸ்டமர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இவனால் எடுக்க முடியவில்லை. நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவன் அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருந்தார். இதைப் போய் 'யாரும் மேலே நிற்க மாட்டார்கள்' என்று எழுதுகிறீர்களே.

டாவென்ட்ரி நைட் ஷிப்ட்:
குடோன் வேலை, ஏஜென்சி மூலம். ஞாயிறு இரவு பத்திலிருந்து திங்கள் காலை ஆறு வரை ஒரு ஷிப்ட் கொடுத்தார்கள். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வரம்பு, அந்த வாரக் கணக்கு சரியாக இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். ஏஜென்சி அக்கா ரோட்டாவை (ஷிப்ட் அட்டவணை) எடுத்து, ஞாயிறு நள்ளிரவு என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் போன வாரம், பின்னாடி ஆறு மணி நேரம் இந்த வாரம்" என்றார். பிரிட்டனில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி எடுக்கவும் முடியாது. ஒரு வாரம் 10, அடுத்த வாரம் 30 என்பது செல்லாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. அந்தக் கோடு போடாமல் விட்டிருந்தால் எங்களில் பாதிப் பேர் வரம்பைத் தாண்டியிருப்போம். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மெல்பர்ன் மதுரைக்காரன்:
இங்கே ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வரம்பு, 2023 ஜூலையிலிருந்து. எந்தத் திங்களில் தொடங்கி எண்ணினாலும் 14 நாளுக்குள் 48-ஐத் தாண்டக்கூடாது. நான் வேலை பார்த்த கிச்சனில் பாக்கிச் சம்பளம் கேட்ட நேபாளிப் பையனிடம், எல்லோர் முன்னாலும் "இமிக்ரேஷனுக்குப் போன் போடவா?" என்றார் முதலாளி. அவன் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "போடுங்க, நானும் பேசணும்" என்றான். கிச்சனே உறைந்துபோனது. மறுவாரம் பாக்கி வந்தது. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் குற்றம். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நியூகாசில் முன்னாள் மாணவர்:
நான் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன், பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

லெஸ்டர் தம்பி, கஸ்டமரிடம் ஆர்டர் எடுத்து, கடை மூடும் வரை நின்றால் அது வேலைதான், கூலி கேட்கலாம். வேலை தொடர்பான உரிமைகளுக்கு வழிகாட்டும் ஏகாஸ் (Acas) அமைப்பின் ஹெல்ப்லைனில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. மாணவர் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்க முடியாது. பேஸ்லிப் கண்டிப்பாகக் கேளுங்கள்.

தேசியக் காப்பீட்டு எண் (வரி, காப்பீட்டுக் கணக்குக்கான எண்) வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். வேலை செய்யும் உரிமையைக் காட்ட முடிந்தால் தொடங்கலாம். அந்த உரிமையை ஆன்லைனில் காட்டும் ஷேர் கோட் எடுக்கும்போது கவனம்: டபிள்யூ என்று தொடங்குவது வேலைக்கு, ஆர் என்று தொடங்குவது வாடகை வீட்டுக்கு. நிறையப் பேர் மாற்றிக் கொடுத்துவிட்டு அலைகிறார்கள். முதல் மாதம் வரி அதிகமாகப் பிடித்திருந்தால் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் டாக்ஸ் கோடைப் பாருங்கள். தற்காலிகமான அவசர டாக்ஸ் கோடைப் போட்டிருப்பார்கள், பிறகு சரிசெய்யலாம்.

அப்புறம், ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கு முக்கியமானது. இளங்கலை நண்பர்கள் கோடை விடுமுறையில் முழுநேர வேலைக்குப் போவதைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள். உங்களுக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், வழக்கமாகப் படிப்பு நாளாகவே கணக்கு, 20 மணி நேரம்தான். பருவத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள், முதலாளியும் அதைத்தான் கேட்பார்.