அணு ஆயுதமற்ற மண்டலத்தில் போர்க்கப்பல் வந்தால் யார் போய்ப் பார்ப்பது?

பாகான் மாறன்
வணக்கம். போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போகும்போது, ஸ்வெட்டன்ஹாம் துறையில் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல், மேல்தளத்தில் வெள்ளைச் சீருடையில் ஆட்கள். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள் கேட்டாள்: “நம்ம வட்டாரம் அணு ஆயுதமற்ற மண்டலம்னு சரித்திரத்துல படிச்சேனே, அதுல குண்டு இருந்தா யாருப்பா போய்ப் பார்ப்பாங்க?” கரை சேரும் வரை யோசித்தும் பதில் வரவில்லை. அணு ஆயுதம் வேண்டாம் என்று 1995-இல் பாங்காக்கில் தென்கிழக்காசியாவின் பத்து நாடுகள் ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்துக்கு ஏதாவது பலம் இருக்கிறதா?

ஜெலுத்தோங் செல்வி
அண்ணே, யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது அதில் சேர்ந்த நம் வட்டார நாடுகளைத்தான்: குண்டு செய்யக்கூடாது, வாங்கி வைக்கக்கூடாது, தன் மண்ணில் அடுத்தவன் வைக்கவும் விடக்கூடாது. வெளிநாட்டுக் கப்பலை உள்ளே விடுவதா என்பதை 7-ஆவது விதி அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. இந்த ஒப்பந்தத்தை மதிப்போம் என்று அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் கையெழுத்திட வேண்டிய இணைப்புப் பத்திரம் ஒன்று தனியாக இருக்கிறது. முப்பது வருடமாக அது அப்படியே கிடக்கிறது. சீனா தயார் என்று பலமுறை சொல்லிவிட்டது. மேற்கு நாடுகளுக்கு உறுத்துவது எல்லைதான், ஏனென்றால் இந்த மண்டலம் கரையோடு நிற்காமல் மீனும் எண்ணெயும் எடுக்க அந்தந்த நாட்டுக்கு உரிமை உள்ள 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தையும் சேர்த்துக்கொள்கிறது, தங்கள் நீர்மூழ்கிகளுக்கு வழி அடைபடும் என்று பார்க்கிறார்கள். மகளிடம் இதையும் சொல்லுங்கள்: 1985-இல் நியூசிலாந்து, குண்டு உண்டா இல்லையா என்று சொல்ல மறுத்த அமெரிக்கக் கப்பலை உள்ளே விடவில்லை, 1987-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது.

செந்தூல் குமரன்
பலம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். 1996-இல் அனைத்துலக நீதிமன்றம், அணு ஆயுதக் களைவுப் பேச்சை நல்லெண்ணத்தோடு நடத்தி முடிப்பது கடமை என்றது. அதை உலகம் மறந்துவிடாமல் ஐ.நா. பொதுச்சபையில் வருடா வருடம் தீர்மானம் கொண்டுபோனது மலேசியா. 2017-இல் ஐ.நா.வில் வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் ஆதரவு, நாம் அதே வருடம் கையெழுத்திட்டு 2020-இல் உறுதியும் செய்தோம். குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை, அது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அதற்காக நாம் விலகி நின்றால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

ஷா ஆலம் கடைசல்காரன்
நம் கையும் சுத்தம் என்று சொல்ல முடியாது, தம்பி. 2003-இல் லிபியாவுக்குப் போன ஒரு கப்பலை இத்தாலியில் மடக்கினார்கள், உள்ளே அணுகுண்டுக்கும் பயன்படும்படி யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவியின் பாகங்கள், செய்தது சிலாங்கூரில். எண்ணெய், எரிவாயு வேலைக்கு என்று நம்பித்தான் செய்தோம் என்றார்கள் செய்தவர்கள். இருபது வருடம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன், அலுமினியக் குழாயைக் கையில் வைத்துப் பார்த்தால் அது எங்கே போகிறது என்று தெரியாது. 2010-இல் மூலோபாய வணிகச் சட்டம் வந்தது. இப்போது, ஆயுதத்துக்கும் பயன்படக்கூடியவை என்று அந்தச் சட்டம் போட்ட பட்டியலில் உள்ள பொருள் என்றால் வாங்குபவன் யார், எதற்கு வாங்குகிறான் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காமல் பெட்டி நகராது. கையெழுத்துக்குப் பலம் வருவது அந்தத் தாளில்தான்.

பாகான் மாறன்
நன்றி செல்வி, குமரன், அண்ணே. மகளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நியூசிலாந்து கேட்ட கேள்வியை நம் துறைமுகத்தில் யாராவது கேட்டார்களா என்கிறாள்.