ஸ்டீபன் சோவின் 'மேற்கு நோக்கிய பயணம்' (2013): சிரிப்பும் கொடுமையும் ஒரே காட்சியில் வரலாமா?

நீர்க்குமிழி கேட்டது:

ஸ்டீபன் சோவ் இயக்கி, 2013-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு நாளில் வெளிவந்த 'மேற்கு நோக்கிய பயணம்: அரக்கர்களை அடக்குதல்' படத்தைச் சென்ற வாரம்தான் பார்த்தேன். குங்பூவும் மாயமும் கலந்த நகைச்சுவைப் படம் என்று கேள்விப்பட்டிருந்ததால் பத்து வயது மகளையும் உடன் உட்கார வைத்துக்கொண்டேன். ஆற்றின்மேல் மரக்கால்களில் நிற்கும் ஓர் ஊரில், தகப்பன் ஒருவன் தன் சிறுமகளைச் சிரிக்க வைப்பதற்காக நீரில் மூழ்கி விளையாட்டுக் காட்டுகிறான். அடுத்த கணமே மீன் அரக்கன் அவனை மெய்யாகவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறான். சற்று நேரத்தில் அந்தக் குழந்தையும் அதே நீருக்குப் பலியாகிறாள். இதே நிகழ்ச்சிக்குள்தான், ஏற்றமரம்போல் மேலும் கீழும் ஆடும் சட்டங்களில் ஊரார் தொங்கிக்கொண்டு அரக்கனைக் கரையேற்றப் போராடும் காட்சியும் வருகிறது. அதற்கு நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோது, சிரித்ததற்காக எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த ஊசலாட்டத்தை இயக்குநர் தெரிந்தே அமைத்திருக்கிறாரா, அல்லது சிரிப்புப் படத்தையும் பயமுறுத்தும் படத்தையும் சேர்த்து ஒட்டியதால் நேர்ந்த கோளாறா? படத்தை விரும்பியவர்களும் விரும்பாதவர்களும் காரணத்தோடு சொன்னால் மகிழ்வேன்.

பழைய ஓலை எழுதியது:

தெரிந்தே அமைத்ததுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். மூல நூலில் சோவ் எதை மாற்றினார் என்று பார்த்தாலே அது விளங்கும்.

16-ஆம் நூற்றாண்டில் உருவாகி, வூ செங்கென் என்பவரின் பெயரில் வழங்கிவரும் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற நூறு அத்தியாயச் சீன நாவலில், புனித நூல்களைத் தேடிப் புறப்படும்போதே துறவி முழுமையான துறவியாக இருக்கிறார். அவருக்குச் சீடர்களாக அமையும் பன்றியும் மணலாற்று அரக்கனும் விண்ணுலகில் பிழை செய்து, தண்டனையாகக் கீழே தள்ளப்பட்டவர்கள். படத்தில் அந்தத் துறவி, தலைமுடிகூட மழிக்காத, ஊர்தோறும் அடிவாங்கித் தோற்கும் இளைஞன். அரக்கர்களோ மனிதர்களால் அரக்கர் ஆக்கப்பட்டவர்கள். மீன் அரக்கன் ஒரு காலத்தில் நீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியவன். அவனைப் பிள்ளை பிடிப்பவன் என்று தவறாக எண்ணி ஊரார் அடித்தே கொன்று, உடலை ஆற்றில் எறிந்தார்கள். நீங்கள் வருந்திய அந்தக் குழந்தையின் சாவோடு இந்தக் கதையைச் சேர்த்துப் பாருங்கள். குழந்தையைக் காத்தவனே குழந்தையைத் தின்பவனாக மாறியிருக்கிறான் என்ற கொடுமை, படம் தொடக்கம் முதல் மென்மையாகவே இருந்திருந்தால் நமக்கு உறைத்திருக்காது. பன்றி அரக்கனின் கதையும் அப்படித்தான்: மனைவியை உயிராக நேசித்தவன், அழகில்லாதவன் என்பதற்காக அவளாலும் அவள் காதலனாலும் கொல்லப்பட்டவன். அதனால்தான் அவன் எப்போதும் பூச்சுப் பூசிய அழகிய ஆண்முகம் ஒன்றை அணிந்து புன்னகைத்தபடியே வருகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இளைஞன் அரக்கர்களின் உள்ளத்தில் உறங்கும் நன்மையை எழுப்ப ஏந்தி வரும் நூலுக்கு 'குழந்தைப் பாடல்கள் முந்நூறு' என்று பெயர். சீனப் பார்வையாளர்களுக்கு அந்தப் பெயரே சிரிப்பு மூட்டும். 18-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு, இன்றும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 'தாங் கவிதைகள் முந்நூறு' என்ற தொகுப்பின் பெயரை அது நினைவூட்டுகிறது. ஆனால் கடைசியில் அந்தக் கிழிந்த புத்தகத்திலிருந்துதான் புத்தரின் மெய்ந்நூல் வெளிப்படுகிறது. எதைக் கேட்டுச் சிரித்தோமோ அதையே வணங்க வைக்கும் இந்தத் துணிவுக்காகத்தான் நான் படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

இந்தக் கதைக்கு வேராக இருந்தவர் நம் பாடநூல்களில் வரும் யுவான் சுவாங்தான். ஏறத்தாழ 629-இல் சீனாவை விட்டுப் புறப்பட்டு, நாளந்தாவில் பயின்று, காஞ்சிபுரம் வரை வந்து, 645-இல் 657 நூல்களோடு தாயகம் திரும்பியவர் அவர். படத்தின் இளைஞனுக்கும் அந்த அறிஞருக்கும் உள்ள தொலைவை எண்ணிப் பார்த்தால் சோவின் கற்பனை இன்னும் வியப்பைத் தரும்.

கார்முகில் எழுதியது:

பழைய ஓலை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அரக்கர்களை வேட்டையாடும் துவான் என்ற பெண்ணை நடத்தியிருக்கும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் இல்லாத, சோவ் புதிதாகப் படைத்த பாத்திரம் அவள். ஷூ சி அந்த வேடத்தில் அவ்வளவு உயிரோடு இருக்கிறார். கட்டளைப்படி நடக்க வைக்கும் மந்திரத் தாள் தவறிப்போய் அவள் முதுகிலேயே ஒட்டிக்கொள்ள, எதிரில் நிற்கும் தோழி செய்வதையெல்லாம் அவள் உடல் அப்படியே செய்யும் காட்சி, உடல்மொழியால் மட்டுமே சிரிக்க வைக்கும் அரிய காட்சிகளில் ஒன்று. அரக்கர்களை அடக்கும் திறமை அவளிடம்தான் இருக்கிறது. இளைஞனைப் பலமுறை காப்பாற்றுபவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் கடைசியில், நாவலில் துறவியின் முதல் சீடனாக வரும் குரங்கரசன் கையால் இறப்பதும், அந்தச் சாவின் துயரமே இளைஞனுக்கு ஞானமாவதும், ஒரு பெண்ணின் வாழ்வை ஆணின் மலைப்பாதைக்குப் படிக்கல்லாக வைத்துவிட்டது என்ற உணர்வையே எனக்குத் தந்தன. பன்றிக்குக்கூட முன்கதை உண்டு, மீனுக்கும் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை.

தாமரைக்குளம் எழுதியது:

கார்முகில் அவர்களே, உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளைப் படம் மறந்துவிடவில்லை. அவளுடைய ஆயுதமாகவும் பிறகு காதல் மோதிரமாகவும் இருந்த வளையம்தான் குரங்கரசனின் தலையை இறுக்கும் பொன்வளையமாகிறது. இனி அந்தப் பயணம் முழுவதும் அவள் நினைவு குரங்கின் நெற்றியிலேயே இருக்கும்.

இதன் ஆழம் 1995-இல் இரண்டு பகுதிகளாக வந்த 'சீன ஒடிசி' படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் புரியும். ஜெஃப்ரி லாவ் இயக்கிய அந்தப் படத்தில் சோவ்தான் குரங்கரசன். காதலுக்குக் கெடு வைக்க வேண்டுமென்றால் பத்தாயிரம் ஆண்டுகள் வைப்பேன் என்று அதில் அவர் பேசும் வசனம் சீனாவில் ஒரு தலைமுறையின் நாவிலேயே நிலைத்துவிட்டது. 2013-ஆம் ஆண்டுப் படத்தில் இளைஞன் அதே பத்தாயிரம் ஆண்டுகளைச் சொல்லும்போது, இறந்துகொண்டிருக்கும் துவான், அது மிக நீண்ட காலம், இப்போதே நேசி என்கிறாள். பழைய படத்தின் பாடலே புதிய சொற்களோடு ஷூ சியின் குரலில் ஒலிக்கிறது. 18 ஆண்டுகளுக்கு முன் தான் பேசிய வசனத்துக்கு சோவ் ஒரு பெண்ணின் வாயால் மறுமொழி சொல்ல வைத்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீர்க்குமிழி அவர்கள் கேட்ட ஊசலாட்டத்துக்கு ஹாங்காங்கில் ஒரு மரபே உண்டு. கான்டனீஸ் மொழியில் அதை 'மோ லெய் தௌ' என்பார்கள். தலையும் வாலும் பொருந்தாத பேச்சு, எதிர்பாராத நேரத்தில் வரும் கோமாளித்தனம், அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் துயரம் ஆகியவை அதன் இயல்பு. பல்லக்கில் இருமிக்கொண்டே வரும் நோயாளி வாள்வீரனும், அவனுக்கு மலர் தூவும் வயது முதிர்ந்த பெண்களும் அந்த மரபின் நேரான வாரிசுகள்.

நீர்க்குமிழி மறுமொழி:

மூவருக்கும் நன்றி. மீன் அரக்கனின் முன்கதையைக் குழந்தையின் சாவோடு இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்காகவே நேற்று தொடக்கப் பகுதியைத் தனியாக மீண்டும் பார்த்தேன். இந்த முறை அந்தத் தகப்பனின் விளையாட்டே எனக்கு நெஞ்சை அடைத்தது. இருந்தாலும், பன்றி அரக்கனின் விடுதியில் நடக்கும் கொலைகளைச் சிறுவர்களுக்குக் காட்டலாம் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது; பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் முதலில் தாங்கள் பார்த்துவிடுவது நல்லது. 1995-ஆம் ஆண்டுப் படத்தை அப்படித்தான் நான் தனியாகப் பார்க்கப் போகிறேன். மகளுக்குக் குரங்கரசனை மிகவும் பிடித்துவிட்டதால், அதுவரை நாவலின் முதல் ஏழு அத்தியாயங்களில் வரும் அவனுடைய பிறப்பையும் விண்ணுலகக் கலகத்தையும் கதையாகச் சொல்லி வருகிறேன்.